அட்வான்ஸுக்கு முன்னால் ஒரு பொறியாளர்

சென்னையில் முதல் வீடு வாங்குகிறவர்கள் காகிதத்துக்குக் காட்டும் கவனத்தைக் கட்டிடத்துக்குக் காட்டுவதில்லை. மூலப்பத்திரத்தை வக்கீலிடம் கொடுத்து வரிவரியாகப் படிக்கச் சொல்கிறார்கள். 30 ஆண்டுகளுக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார்கள். பட்டாவில் பெயர் மாறியிருக்கிறதா, சொத்து வரி ரசீது யார் பெயரில் இருக்கிறது, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா என்று குடைகிறார்கள். அதெல்லாம் செய்ய வேண்டியதுதான். ஆனால் வீட்டைப் பார்க்கப் போகும் நாளில் நடப்பது என்ன? புரோக்கர் முன்னே நடக்க, குடும்பம் பின்னே நடக்க, ஹாலின் அகலம், வாசல் பார்த்த திசை, பூஜை அறைக்கு இடம், கார் நிறுத்தும் வசதி எல்லாம் கால் மணி நேரத்தில் பேசி முடிந்துவிடும். வாஸ்து பார்க்கக்கூட ஆள் வருவார். கூரைக்குள் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க யாரும் வருவதில்லை. அன்று மாலையே டோக்கன் அட்வான்ஸ் கைமாறிவிடும். பத்திரத்தை வக்கீல் படிப்பதுபோல் கட்டிடத்தை ஒரு பொறியாளர் படிக்க வேண்டும். அவருக்குக் கூலி கொடுப்பவர் வாங்குபவராகவே இருக்க வேண்டும். பெரிய தொகை கைமாறுவதற்கு முன்னால் அவருடைய அறிக்கை எழுத்தில் வந்திருக்க வேண்டும். இந்த அத்தியாயம் வலியுறுத்துவது இதைத்தான்.

முதல் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55ஆவது பிரிவில், விற்பவருக்கு ஒரு கடமையை விதிக்கிறது: தமக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத முக்கியமான குறைகளை அவர் சொல்லிவிட வேண்டும். படித்தவுடன் தெம்பாகத்தான் இருக்கும். ஆனால் அதே வாக்கியத்தில் ஒரு வரம்பும் இருக்கிறது. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் வாங்குபவரே கண்டுபிடித்திருக்கக்கூடிய குறைகள் அந்தக் கடமைக்குள் வருவதில்லை. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் 19ஆவது பிரிவுக்குள்ள விதிவிலக்கும் இதே திசையில் போகிறது. விற்பவர் தவறான தகவல் சொல்லியிருந்தாலும், மௌனமாக இருந்து ஏமாற்றியிருந்தாலும், சாதாரண முயற்சியில் உண்மையை அறிய வாங்குபவருக்கு வழி இருந்திருந்தால் அந்தக் காரணத்தைச் சொல்லி ஒப்பந்தத்தை ரத்து செய்துகொள்ள முடியாது. ஆக, சமையலறைக் கூரையில் பழுப்புக் கறை தெரிந்தபடியே இருந்து, நீங்கள் அண்ணாந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால், பிறகு வழக்கு மன்றத்தில் உங்கள் நிலை பலவீனமானது. முன்கூட்டியே பரிசோதனை செய்தவர் இரண்டு வகையிலும் பாதுகாப்பாக நிற்கிறார். கண்ணுக்குத் தெரியும் குறை, விலை பேசும்போதே மேசைக்கு வந்துவிடுகிறது. தெரியாத குறை பின்னால் வெடித்தால், உரிய கவனத்தோடு பார்த்தும் அகப்படவில்லை என்று காட்ட அவரிடம் தேதியிட்ட அறிக்கை இருக்கிறது.

இதற்கு உடனே வரும் மறுப்பு, 'பேங்க்கில் இன்ஜினியரை அனுப்பிப் பார்த்துத்தானே லோன் கொடுக்கிறார்கள்' என்பது. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வருகிறார் என்பது உண்மை. அவர் எந்தக் கேள்விக்கு விடை தேடி வருகிறார் என்பதுதான் விஷயம். கடன் திரும்பாவிட்டால் இந்தச் சொத்தை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்பது வங்கியின் கேள்வி. இடம் எங்கே, பரப்பு எவ்வளவு, கட்டிடத்தின் வயது என்ன, அனுமதி வரைபடத்தோடு பொருந்துகிறதா, அக்கம்பக்கத்தில் என்ன விலை போகிறது என்ற அளவில் அவர் வேலை முடிந்துவிடும். குளியலறை ஒழுகுகிறதா, எர்த் வேலை செய்கிறதா என்பதெல்லாம் அவர் படிவத்தில் இல்லை. அந்த அறிக்கை வங்கிக்கு எழுதப்படுவது. குறை வந்தபின் அதைக் காட்டி யாரிடமும் நீங்கள் கேட்க முடியாது. அரசு அனுமதியும் இப்படித்தான். மனைப் பரப்பு, உயரம், பக்கவாட்டு இடைவெளி, சாலை அகலம் ஆகியவை விதிப்படி இருக்கின்றனவா என்று பார்த்துத் திட்ட அனுமதி தருகிறார்கள். தூணுக்குள் எத்தனை கம்பி கட்டினார்கள், காங்கிரீட்டில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினார்கள் என்பதற்கு அது சான்று ஆகாது. 2014 ஜூன் 28 அன்று மாலை மழையில் மௌலிவாக்கத்தில் சரிந்து 61 பேரைக் கொன்ற 11 மாடிக் கட்டிடம், அனுமதி பெற்று எழும்பிக்கொண்டிருந்த கட்டிடம்தான். பக்கத்தில் நின்ற அதன் ஜோடிக் கட்டிடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. அந்த அளவுக்குப் போகும் கட்டிடங்கள் மிகச் சில. ஆனாலும் முத்திரை விழுந்த காகிதத்தையும் கட்டிடத்தின் உறுதியையும் ஒன்றாக எண்ணக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

'புது வீடுதானே, அதில் என்ன பார்க்க இருக்கிறது?' என்ற கேள்வி இன்னும் பரவலானது. பழைய வீட்டுக்கு ஒரு சாதகம் உண்டு: அது பல மழையைப் பார்த்திருக்கும், ஒழுக வேண்டிய இடத்தில் ஒழுகியிருக்கும், தடயம் இருக்கும். புது வீட்டில் தடயம் உருவாக இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில், மக்கள் குடியேறிய சூட்டிலேயே கையால் தட்டினால் சுவர்ப் பூச்சு உதிர்ந்தது, சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களை அழைத்துத் தரத்தை ஆராயச் செய்தார்கள். தனியார் கட்டினால் அப்படி ஆகாது என்பவர்கள் குருகிராமைப் பார்க்கலாம். அங்கே 2022 பிப்ரவரி 10 அன்று, கட்டிப் பல பத்தாண்டுகள் ஆகியிராத ஓர் ஆடம்பர அடுக்குமாடிக் குடியிருப்பில், ஆறாம் மாடியில் விழுந்த தளம் கீழ்த் தளங்களையும் இழுத்துக்கொண்டு சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். டெல்லி ஐ.ஐ.டி. செய்த ஆய்வில், காங்கிரீட்டில் குளோரைடு உப்பு கூடுதலாக இருந்து கம்பியை அரித்திருந்தது தெரியவந்தது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, 14ஆவது பிரிவில், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை சுட்டிக்காட்டப்பட்டால் 30 நாளில் கட்டுநர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் 'சுட்டிக்காட்டப்பட்டால்' என்பதைக் கவனியுங்கள். எந்தக் குறை, எந்த இடத்தில், எந்தத் தேதியில் என்று புகைப்படத்தோடு பதிவு இருப்பவருக்குத்தான் அது கைகொடுக்கும். 'நீங்கள் ஆணி அடித்ததால் வந்த விரிசல்' என்ற பதிலுக்கு, சாவி வாங்கும் நாளில் எடுத்த அறிக்கையைவிட நல்ல மறுமொழி கிடையாது. அதோடு, அந்தச் சட்டம் கட்டுநரிடமிருந்து வாங்குபவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஒருவர் குடியிருந்த பழைய ஃபிளாட்டை அவரிடமிருந்து வாங்கும்போது அந்த 5 ஆண்டு பெரும்பாலும் கடந்து போயிருக்கும்.

சரி, பொறியாளர் வந்து எதைப் பார்க்கிறார்? சென்னையைப் பொறுத்தவரை முதலில் பார்க்க வேண்டியது கம்பியையும் உப்பையும். காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு, காங்கிரீட்டின் காரத்தன்மையால் துருப்பிடிக்காமல் காக்கப்படுகிறது. உப்பு உள்ளே இறங்கினால் அந்தக் காப்பு உடைகிறது. துருவின் பருமன் இரும்பின் பருமனைப்போலப் பல மடங்கு. அது உள்ளிருந்து நெம்பி, மேலே மூடியிருக்கும் காங்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். உப்பு இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, பெசன்ட் நகர், திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற இடங்களில் காற்றோடு. மற்றொன்று, கட்டும்போதே உப்புத் தண்ணீரில் கலவை போட்டதால். இரும்புக் கம்பி போட்ட காங்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456 தரவிதி. போர்வெல்லில் வந்த தண்ணீரைச் சோதிக்காமல் அப்படியே கலவையில் விட்டிருந்தால் அந்த வரம்பு கடந்ததா என்பது யாருக்கும் தெரியாது. கம்பிக்கு மேல் எவ்வளவு கனத்துக்குக் காங்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பதற்கும் அதே தரவிதி, உப்புக்காற்று நேராகப் படும் இடத்துக்கு 45 மில்லிமீட்டர், சாதாரண உள்ளறைக்கு 20 மில்லிமீட்டர் என்று வேறுபடுத்துகிறது. கடற்கரை வீட்டு சன்ஷேடுக்கும் அம்பத்தூர் வீட்டு சன்ஷேடுக்கும் ஒரே மாதிரி கம்பி கட்டும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பழைய கட்டிடங்களின் பால்கனி அடிப்பக்கத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஆகவே பொறியாளர் முதலில் அண்ணாந்து பார்ப்பார்: குளியலறைக் கூரை, பால்கனியின் அடி, சன்ஷேடு, மாடிப்படியின் கீழ்ப்புறம், மேல்நிலைத் தொட்டியின் அடித்தளம். கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக ஒரு விரிசல், அதன் ஓரத்தில் துருக்கறை, சிறு சுத்தியலால் தட்டினால் உள்ளே காலியானதுபோல் ஓசை என்றிருந்தால் அங்கே துரு வேலையைத் தொடங்கிவிட்டது. ஓரிடத்தில் மட்டும் இருந்தால் பெயர்த்து, துருவைத் தேய்த்தெடுத்து, உரிய கலவையால் மூடலாம். பல அறைகளில், குறிப்பாக பீமிலும் தூணிலும் இருந்தால், அது வேறு கணக்கு. அங்கே விலையைக் குறைத்துப் பேசுவதைவிட வெளியே வருவதே மேல்.

இந்த இடத்தில் ஃபால்ஸ் சீலிங்கைப் பற்றி ஒரு வார்த்தை. விற்பதற்குச் சில மாதம் முன்பு போட்ட ஃபால்ஸ் சீலிங், ஒரு சுவரில் மட்டும் அடித்த புதுப் பெயின்ட், குளியலறையை ஒட்டிய சுவரில் மட்டும் ஒட்டிய பி.வி.சி. பலகை ஆகிய மூன்றும் அழகுக்காகவும் இருக்கலாம். விற்பவரைச் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் ஒரு பலகையைக் கழற்றி விளக்கடித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

விரிசல் விஷயத்தில் முதல் முறை வாங்குபவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள்: எதைக் கண்டாலும் பயப்படுகிறார்கள், அல்லது 'எல்லா வீட்டிலும் இருப்பதுதான்' என்ற புரோக்கரின் ஒரே வரியில் சமாதானம் ஆகிவிடுகிறார்கள். பொறியாளருக்குக் கொடுக்கும் கூலியில் பெரும்பகுதி விரிசல்களைப் பிரித்துச் சொல்வதற்காகத்தான். பூச்சின் மேல் வலைபோல் பரவியிருக்கும் மயிரிழை விரிசல், பூச்சு காயும்போது சுருங்கியதால் வருவது. பெயின்ட் அடிக்கும்போது பட்டி பார்த்தால் போய்விடும். தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் நேராக வரும் விரிசல், இரண்டு பொருள்களும் வெயிலுக்கு வேறு வேறு அளவில் நீள்வதால் வருவது. வலை வைத்துப் பூசினால் அடங்கும். மேல் மாடியில் கூரைக்குச் சற்றுக் கீழே படுக்கைவாட்டில் சுவரைச் சுற்றி ஓடும் விரிசல், சித்திரை வெயிலில் கூரை விரிந்து சுவரைத் தள்ளியதன் அடையாளம். பெரும்பாலும் ஆபத்தில்லை, ஆனால் மழைநீர் அதன் வழியாக இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் வரிசையைப் படிப்படியாகத் தொடர்ந்து, ஒரு முனையில் அகன்று போகும் விரிசல் இருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு அஸ்திவாரத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். களிமண் மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கும். ஏரியையும் வயலையும் நிரப்பி மனையாக்கிய இடங்களில் ஒரு மூலை மட்டும் கீழே இறங்குவதும் உண்டு. எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியது, பீம் தூணில் உட்காரும் இடத்துக்கு அருகே சாய்வாக விழுந்திருக்கும் விரிசல். அதைக் கண்டால் கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது தண்ணீர். வீட்டுக்குள் வரக்கூடாத தண்ணீர், வர வேண்டிய தண்ணீர் இரண்டும். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் ஓய்கிறது. வீடு பார்ப்பதோ பெரும்பாலும் பள்ளி விடுமுறையான ஏப்ரல், மே மாதங்களில். அப்போது ஒழுகும் கூரையும் காய்ந்து கிடக்கும். ஆனால் ஓதம் ஏறிய சுவரில் உப்புப் பூத்த வெண்மை, பெயின்ட் கொப்புளம், கதவு நிலையின் அடியில் மக்கிய மரம் ஆகியவை கோடையிலும் மறைவதில்லை. முடிந்தால் மழைக்காலத்தில், பெய்து ஓய்ந்த மறுநாள் பார்ப்பதே சரி. முடியாதபோது தண்ணீரைக் கட்டிப் பார்க்கலாம்: குளியலறைத் தரையில் வடிகாலைத் துணியால் அடைத்து, சில அங்குலம் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் கழித்துக் கீழ் வீட்டுக் கூரையைப் பார்ப்பது. கீழ் வீட்டாரின் சம்மதம் வேண்டும். கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள், ஏனென்றால் ஒழுகினால் அவதிப்படுவது அவர்கள்தான். அந்தச் சாக்கில் அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசினால், எந்தக் கருவியும் சொல்லாத வரலாறும் கிடைக்கும். மேல் மாடி வீடு என்றால் மொட்டை மாடிக்கு ஏறியே ஆக வேண்டும். தட்டோட்டின் இணைப்புகள் வாய் பிளந்திருக்கின்றனவா, மழைநீர்க் குழாயை நோக்கித் தளம் சரிகிறதா, கைப்பிடிச் சுவரின் அடியில் பிளவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. ஒழுகல் மட்டும் மேல் மாடிக்காரருக்குச் சொந்தம் என்பது குடியிருப்போர் சங்கக் கூட்டங்களுக்குப் போனபின்தான் புரியும்.

வெள்ளம் தனியாகச் சொல்ல வேண்டியது. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் முடிச்சூரும் வரதராஜபுரமும், தெற்கே வேளச்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய பகுதிகளும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் பல இடங்களில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. விற்பவரிடம் 'தண்ணீர் வந்ததா' என்று கேட்டால் 'தெருவில் கொஞ்சம் நின்றது' என்பதே பதிலாக இருக்கும். கட்டிடம் அவ்வளவு அடக்கமாகப் பேசாது. மின்மீட்டர் பலகையை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி மாட்டியிருக்கிறார்களா, மோட்டாரைத் தரையிலிருந்து மேடைக்கு மாற்றியிருக்கிறார்களா, தெருவில் மற்ற வீட்டு வாசல்களில் புதிதாகத் தடுப்புப் படி கட்டியிருக்கிறார்களா, லிஃப்ட் குழியின் சுவரில் கறைக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ச்மேனிடமும் எதிர்க் கடைக்காரரிடமும் கேளுங்கள். சாலைக்கும் தரைத்தளத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தையும் அளக்கச் சொல்லுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்ட தெருக்களில், ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகள் இன்று படி இறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன. இந்த ஒரு குறைக்கு ரிப்பேர் என்பதே கிடையாது.

வர வேண்டிய தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெட்ரோ வாட்டர் வருகிறதா, கோடையில் லாரி எத்தனை வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கூடத்தில் கொடுங்கள், குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரவிதியில் கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாதபோது 2000 வரை. சம்பும் செப்டிக் டேங்கும் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதைக் கண்ணால் பாருங்கள். மின்சாரத்தில், எர்த் உண்மையில் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். பிளக்கில் மூன்று துளை இருப்பது சான்று ஆகாது. 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்பது ஒரு நிமிட வேலை. ஏ.சி.க்கும் கீசருக்கும் தனி சர்க்யூட் இல்லாத பழைய வீட்டுக்கு மறுபடி வயரிங் செய்யும் செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கரையான் மண்தடம், கதவு நிலையைத் தட்டும்போது வரும் ஓசை, அனுமதி வரைபடத்தில் இல்லாமல் மூடிய பால்கனி இவற்றையும் அறிக்கையில் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவுக்கும் யாரை அழைப்பது? தெரிந்த மேஸ்திரியை அழைத்துக் காட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல மேஸ்திரிக்குப் பூச்சையும் ஒழுகலையும் பற்றிப் பல பொறியாளர்களைவிட நுட்பமாகத் தெரியும்; அவர் கூட வருவது நல்லதே. ஆனால் 'பார்த்துக்கலாம் சார், பண்ணிடலாம்' என்பது அவர் தொழிலின் இயல்பான பதில். எந்தக் குறையையும் செய்து முடிக்கக்கூடிய வேலையாகப் பார்த்துப் பழகியவர், வாங்க வேண்டாம் என்று சொல்வது அரிது. அவர் சொன்னது எழுத்திலும் இருக்காது. வீட்டுப் பரிசோதனைக்கென்று தனி உரிமம் நம் நாட்டில் இல்லாததால், வெப்பப்படக் கேமராவும் ஒரு செயலியும் வைத்திருக்கும் யாரும் பரிசோதகர் என்று அட்டை அடித்துக்கொள்ளலாம். அந்தக் கேமரா காட்டுவது வெப்ப வித்தியாசத்தை மட்டும். ஈரமா, வெயில் பட்டதா என்று முடிவு செய்ய அனுபவம் வேண்டும். ஆகவே சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திலோ (சி.எம்.டி.ஏ.) மாநகராட்சியிலோ பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரைத் தேடுங்கள். முன்பு எழுதிய அறிக்கை ஒன்றைப் பெயர் நீக்கிக் காட்டச் சொல்லுங்கள். புரோக்கர் சிபாரிசு செய்பவர் வேண்டாம். நீர்க்கசிவு தடுக்கும் வேலையைத் தாமே எடுத்துச் செய்பவரும் வேண்டாம். முன்னவருக்கு வியாபாரம் முடிய வேண்டும், பின்னவருக்குக் குறை இருக்க வேண்டும்.

'சுவருக்குள் என்ன இருக்கிறது என்று அவராலும் பார்க்க முடியாதே' என்ற மறுப்பு நியாயமானது. அஸ்திவாரத்தைத் தோண்ட முடியாது. குழாயைப் பிரிக்க முடியாது. ரீபவுண்டு சுத்தியல் மேற்பரப்பின் கடினத்தைத்தான் சொல்லும். உறுதியைத் திட்டமாக அறிய, துளையிட்டுக் காங்கிரீட் மாதிரி எடுக்க வேண்டும், அதற்கு விற்பவரும் சங்கமும் ஒப்ப வேண்டும். எல்லா வீட்டுக்கும் அது தேவையும் இல்லை. ஆனால் வக்கீல் ஒப்பீனியனும் முழு உத்தரவாதம் அல்ல. கிடைத்த ஆவணங்களின் அடிப்படையில் என்றுதான் அவரும் எழுதுகிறார். அதற்காக யாரும் வக்கீலை விட்டுவிடுவதில்லை. செலவைப் பற்றிய மறுப்பு இதைவிடப் பலவீனமானது. 50 லட்சம் ரூபாய்க்குக் கிரையம் எழுதினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 4.5 லட்சம் ஆகிறது. புரோக்கர் கமிஷன் அது தனி. பொறியாளர் கூலி ஆயிரங்களில் அடங்குவது.

பழைய ஃபிளாட் வாங்குபவர்களிடம் ஒரு வாதம் கேட்கலாம்: 'நாங்கள் வாங்குவது யு.டி.எஸ். என்கிற பிரிக்கப்படாத நிலப் பங்கை, கட்டிடம் எப்படியும் இடிக்கப்போவதுதான்.' 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்ய வழி செய்திருப்பதால் இந்த வாதத்துக்கு வலு கூடியிருக்கிறது. ஆனால் இடிப்பது இரண்டு ஆண்டிலா பதினைந்து ஆண்டிலா என்பதைத் தீர்மானிப்பதே கட்டிடத்தின் நிலைதான். சீக்கிரம் இடித்தால், மாதத் தவணையைக் கட்டிக்கொண்டே வெளியே குடியிருக்க வேண்டும்; கட்டுநர் தரும் வாடகை போதுமா என்பது பேரத்தைப் பொறுத்தது. தாமதமானால் அதுவரை அந்தக் கூரையின் கீழே தூங்க வேண்டும். இரண்டில் எதற்குத் தயாராவது என்று முடிவு செய்யவும் அறிக்கை வேண்டும்.

கடைசியாக, நடைமுறைச் சிக்கல்: 'விற்பவர் ஒத்துக்கொள்ள மாட்டார், இரண்டு பேர் காத்திருக்கிறார்கள், நாளை போய்விடும்.' இந்த அவசரத்தில் பாதி புரோக்கர் உண்டாக்குவது. மீதி உண்மையாகவே இருந்தால், வீட்டைப் பிடித்து வைக்கவும் வழி உண்டு, பரிசோதிக்கவும் வழி உண்டு. சிறிய டோக்கனைக் கொடுத்து, அதற்கான ரசீதிலேயே ஒரு நிபந்தனையை எழுதிக்கொள்ளுங்கள்: 10 நாளுக்குள் வாங்குபவரின் பொறியாளர் கட்டிடத்தைப் பரிசோதிப்பார், கட்டமைப்பில் குறை என்று எழுத்தில் அறிக்கை வந்தால் டோக்கன் முழுவதும் திரும்பத் தரப்படும், அல்லது இருவரும் ஒப்பும் தொகை விலையில் கழிக்கப்படும். அமெரிக்காவில் வீட்டு ஒப்பந்தங்களில் இத்தகைய நிபந்தனை வெகு சாதாரணம். நம் ஒப்பந்தச் சட்டத்திலும் இதற்குத் தடை ஏதும் இல்லை. கிரைய ஒப்பந்தம் எழுதும் வக்கீலிடம் சொன்னால் நாலு வரியில் எழுதிக் கொடுப்பார். கட்டுநரிடம் வாங்கும்போது உங்கள் நிலை இன்னும் வலுவானது: ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க, ரியல் எஸ்டேட் சட்டத்தின் 13ஆவது பிரிவு அவரை அனுமதிப்பதில்லை.

அறிக்கை வந்ததும் அதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உயிருக்கும் கட்டமைப்புக்கும் ஆபத்தானவை, பணம் செலவழித்தால் தீருபவை, சகித்துக்கொள்ளக்கூடியவை. முதல் வகையில் ஏதேனும் இருந்தால் பேரம் பேசாதீர்கள். நிபந்தனையைக் காட்டி டோக்கனைத் திரும்பப் பெறுங்கள். இரண்டாவது வகைக்குத் தனித்தனியாக மதிப்பீடு வாங்கி, தொகையோடு விற்பவர் முன் வையுங்கள். 'வீடு ஒழுகுது, விலையைக் குறைங்க' என்பவரைவிட, 'மொட்டை மாடி வேலைக்கு இவ்வளவு, வயரிங்குக்கு இவ்வளவு' என்று காகிதத்தைக் காட்டுபவருக்கு அதிகம் குறைகிறது. விற்பவரே சரிசெய்து தருகிறேன் என்றால், பெயின்ட் அடித்து மூடுவதற்கு முன் உங்கள் பொறியாளர் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது வகையைப் பேச்சிலேயே எடுக்க வேண்டாம். அது விற்பவரை எரிச்சலூட்டும், உங்களுக்கும் லாபமில்லை. பத்திரப்பதிவுக்கு முந்தைய நாள், அவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனபிறகு, காலியான வீட்டை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறை சுற்றி வாருங்கள். பீரோவுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் இருந்த சுவர் அன்றுதான் முதல் முறையாக வெளிச்சத்துக்கு வரும். அங்கே புதிதாக ஏதேனும் தெரிந்தால், சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கிளம்புவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.